மாரா ஆற்றங்கரையில் துணிக்கூடாரம்: அம்மாவையும் பையனையும் கூட்டிப் போகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: ஆகஸ்டில் கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில், மாரா ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சொகுசுக் கூடார முகாமில் மூன்று இரவு. நீங்கள், மனைவி, ஒன்பது வயதுப் பையன், அறுபத்தேழு வயது அம்மா. வேலி கிடையாதாம், ராத்திரி நீர்யானை கூடாரத்துக்குப் பக்கத்திலேயே மேயுமாம். இவ்வளவு பணம் கொடுத்துத் துணிக்குள் படுப்பது பைத்தியக்காரத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், நீங்கள் கேட்பது அந்தத் துணியை நம்பலாமா என்றுதான். நம்பலாம். ஆனால் உங்களைக் காப்பாற்றப்போவது துணி இல்லை.

நான் திண்டுக்கல்லில் கேட்டரிங் படித்துவிட்டு கென்யாவுக்குச் சமையல்காரனாகப் போனவன். மாரா கரையில் ஒரு முகாமில் நான்கு வருடம் அடுப்படி, அப்புறம் ஐந்து வருடம் முகாம் மேலாளர். வழிகாட்டி உரிமம் வாங்கியவன் இல்லை, மருத்துவரும் இல்லை. விலங்குகளைப் பற்றி நான் சொல்வதில் பாதி, அந்த மண்ணின் மாசாய்ப் பழங்குடியைச் சேர்ந்த எங்கள் காவலர்களிடம் கற்றது. மருந்து, ஊசி பற்றிச் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கூடாரம். கல்லூரி என்.சி.சி. முகாமில் பார்த்த டென்ட்டை மறந்துவிடுங்கள். தரைக்கு மேல் மரப்பலகைத் தளம், அதன்மேல் லாரித் தார்ப்பாயை விடக் கனமான கித்தான், ஜன்னலுக்குக் கொசுவலையும் அதன்மேல் சுருட்டிக் கட்டும் துணி மடிப்பும், பெரிய கட்டில், பின்பக்கம் கழிப்பறையும் குளியலறையும். முன்னால் ஆற்றைப் பார்த்து ஒரு திண்ணை. சில இடங்களில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். சில இடங்களில் நீங்கள் குளிக்கப்போகும் நேரத்தைச் சொன்னால், விறகு பாய்லரிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து வெளியே தொங்கும் வாளியில் ஊற்றுவார்கள். அது ஷவராக இறங்கும். இருபது லிட்டரில் ஒரு ஆள் தாராளமாகக் குளிக்கலாம், நம் வீட்டு ஒரு வாளிக் கணக்குதானே. ராத்திரி நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போது ஆள் வந்து போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைத்துவிட்டுப் போவார். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காலடியில் ஏதோ சூடாக, மெத்தென்று அசைகிறது என்று அலறிக்கொண்டு வெளியே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அலறலுக்குப் பக்கத்துக் கூடாரமும் எழுந்துகொள்ளும்.

இனி நீர்யானை. பகல் முழுக்க ஆற்றில் கிடக்கும். இருட்டியதும் கரையேறும், விடிவதற்குள் இறங்கிவிடும். ஒரு ராத்திரியில் நாற்பது கிலோ வரை புல் தின்னும். ஒன்றரை டன் எடை, ஆனால் மனிதனை விட வேகமாக ஓடும். இதெல்லாம் சந்தேகமில்லாத விஷயம். மனிதனைத் தேடி வந்து தாக்கும் விலங்கும் இல்லை. கரையில் பெரிய ஆபத்து ஒன்றில்தான்: அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நீங்கள் நிற்பது. பயந்தால் அது தண்ணீரை நோக்கித்தான் போகும். வழியில் இருப்பது செடியா ஆளா என்று பார்க்காது.

நான் இதைக் கற்றது வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். ராத்திரி பத்தரை மணி. பாத்திரமெல்லாம் கழுவி முடித்துவிட்டு, காவலரைக் கூப்பிடச் சோம்பல்பட்டு, போன் வெளிச்சத்தில் படுக்கும் இடத்துக்கு நடந்தேன். இருநூறு அடிகூட இருக்காது. பாதி வழியில் புல்லைப் பிடுங்கித் தின்னும் சத்தம், பறக், பறக் என்று. ஊர் நினைப்பில் மாடுதான் என்று இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டேன். அங்கே ஏது மாடு? பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. காவலர். ஒரு வார்த்தை பேசவில்லை. என் போனைத் தரையைப் பார்க்கத் திருப்பினார். எட்டு, பத்து மீட்டரில் ஒரு கருத்த சுவர் அசைந்தது. ஆறு என் முதுகுப் பக்கம். என்னை ஓடவிடாமல், பக்கவாட்டில் அடி அடியாக இழுத்து ஒரு அத்திமரத்துக்குப் பின்னால் கொண்டுபோனார். வழி கிடைத்ததும் அது மெதுவாக இறங்கிப் போனது. மறுநாள் வெளிச்சத்தில் அதே இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மாட்டு வண்டிப் பாதை போல இரண்டு தடம், நடுவில் புல் முளைத்த மேடு. நீர்யானை கால்களை அகட்டி நடப்பதால் அப்படி ஆகும். வழியோரப் புதரெல்லாம் சாணி விசிறியடித்திருந்தது. வாலைச் சுழற்றிக்கொண்டே போடும். "ரோட்டில் நின்றால் வண்டி மோதத்தான் செய்யும்" என்றார் அவர்.

ஆகவே முகாமின் விதி எளிது. இருட்டியபின் கூடாரத்தை விட்டுத் தனியாக இறங்கக்கூடாது. சாப்பிடப் போகவேண்டுமானால் டார்ச்சை ஆட்டினாலோ, விசில் ஊதினாலோ, வாக்கி டாக்கியில் சொன்னாலோ காவலர் வந்து கூட்டிப்போவார். அங்கே அவரை அஸ்காரி என்பார்கள். கையில் ஈட்டியும் டார்ச்சும்தான் இருக்கும், பெரும்பாலும் துப்பாக்கி கிடையாது. அதைப் பார்த்துவிட்டு "இவரா நம்மைக் காப்பாற்றுவார்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர் வேலை சண்டை போடுவது இல்லை. எந்தப் புதருக்குப் பின்னால் எது நிற்கிறது என்று உங்களுக்கு முன்னால் தெரிந்துகொள்வதுதான் அவர் வேலை. ஒரு முகாம் நல்ல முகாமா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே வழி, அஸ்காரிகள் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள் என்று கேட்பது.

சிங்கம், சிறுத்தை பற்றி உங்களுக்குச் சொன்னவர்கள், மூடிய கூடாரத்தை அவை பாறை மாதிரி ஒரு கட்டியான பொருளாகத்தான் பார்க்கும் என்று சொல்லியிருப்பார்கள். வழிகாட்டிகள் எல்லோரும் சொல்லும் விளக்கம் இது. சிங்கத்தின் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. ஆனால் ஜிப் மூடியிருந்து, உள்ளே தீனி இல்லாமல், ஆட்கள் உள்ளேயே இருந்தால் அவை கடந்து போய்விடுகின்றன என்பது ஒன்பது வருடம் நான் கண்ட அனுபவம். கழிப்பறை உள்ளேயே இருப்பதால் ராத்திரி இறங்கவேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் பையனைத் தனிக் கூடாரத்தில் விடாதீர்கள், நல்ல முகாம்கள் விடவும் மாட்டார்கள். இரண்டு அறை உள்ள குடும்பக் கூடாரம் கிடைத்தால் நால்வரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். வேலியில்லாத முகாம்கள் சிலவற்றில் குழந்தைகளுக்குக் குறைந்தபட்ச வயது வைத்திருப்பார்கள், நடைப் பயணத்துக்கு அது இன்னும் கூடும். முன்பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். உண்மையில் உங்கள் கூடாரத்துக்குள் நுழைய அதிக வாய்ப்புள்ள விலங்கு, பகலில் வரும் குரங்கு. பபூனும் வெர்வெட் குரங்கும் ஜிப்பைத் திறக்கக் கற்றுவைத்திருக்கின்றன. அதற்காகவே ஒரு கொக்கி கொடுத்திருப்பார்கள். முறுக்குப் பொட்டலத்தைக் கட்டிலடியில் ஒளித்துவைத்துவிட்டுப் போன ஒரு குடும்பம் திரும்பி வந்தபோது, தலையணை மேலெல்லாம் முறுக்குத் தூள், பற்பசைக் குழாயைக் காணவில்லை.

யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைப்பது ஆற்றின் வாசனையை. மாவ் மலைப்பகுதியில் பிறந்து, மாசாய் மாராவையும், அதை ஒட்டி தான்சானியாவில் இருக்கும் செரங்கெட்டியையும் கடந்து விக்டோரியா ஏரியில் சேரும் இந்த ஆறு 395 கிலோமீட்டர் நீளம்தான், நம் காவிரியில் பாதி. அதில் 4,000க்கு மேற்பட்ட நீர்யானைகள். ராத்திரி கரையில் தின்றதைப் பகலில் தண்ணீரில் போடுகின்றன. ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்ததில் ஒரு நாளைக்குச் சுமார் 36 டன். கோடையில் தண்ணீர் ஓடாமல் மடுவாகத் தேங்கும்போது இந்தச் சாணி அழுகி உயிர்வளியைத் தின்றுவிடும். அப்புறம் ஒரு மழை வந்து மடுவைக் கிளறினால், ஆறு ஓடும் திசையில் கீழே மீன்கள் செத்து மிதக்கும். இன்னொன்று, ஆற்றைக் கடக்கும்போது மூழ்கிச் சாகும் வில்டபீஸ்ட், அதாவது மாடு போல இருக்கும் பெரிய மான் இனம். வருடத்துக்குச் சராசரியாக 6,250 உடல்கள் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. எடை 1,100 டன். முதலை தின்பது அதில் ஒரு சிறு பங்குதான். மீதியைப் பாறுக் கழுகும் மராபு நாரையும் மீனும் புழுவும் தின்னும், எலும்பு வருடக்கணக்கில் கரைந்துகொண்டிருக்கும். கடப்புத்துறைக்குக் கீழே இருக்கும் முகாமில், ஆகஸ்ட் கடைசியில் காற்று ஆற்றிலிருந்து வீசினால் சாப்பாட்டு மேசைக்கே அந்த வாடை வரும். சந்தன வாசனைக் குச்சி கேட்ட விருந்தினர்கள் உண்டு. எனக்கு இரண்டாம் வருடத்தில் அது பழகிவிட்டது, இப்போது நினைத்தால் ஏக்கமாகக்கூட இருக்கிறது. மூன்று நாளைக்கு வரும் உங்கள் அம்மாவுக்கு அப்படி இருக்கும் என்று சொல்லமாட்டேன்.

சத்தமும் அப்படித்தான். நீர்யானை ராத்திரி முழுக்கச் சிரிக்கும். கரகரத்த குரலில் ஒரு பெரியவர் நகைச்சுவை கேட்டுச் சிரிப்பது போல "ஹோ, ஹோ, ஹோ" என்று ஒன்று ஆரம்பித்தால், அடுத்த மடுவிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். முதல் ராத்திரி யாரும் தூங்குவதில்லை. மூன்றாம் ராத்திரி சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும்.

இனி, நீங்கள் ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்த காரணம், அதாவது வில்டபீஸ்ட் ஆற்றைக் கடப்பது. பதின்மூன்று லட்சம் விலங்குகள் செரங்கெட்டியிலிருந்து புல்லைத் தேடி வடக்கே வரும். வழக்கமாக ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாராவில் இருக்கும். அவ்வளவுதான் நிச்சயம். எந்த நாள், எந்தத் துறை, எத்தனை மணி என்பதெல்லாம் அவற்றுக்கே தெரியாது. ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்து, மூன்று மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒரு வரிக்குதிரை மிரண்டதும் எல்லாம் திரும்பி ஓடியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை, அதற்கு அடுத்த நாள் மறுபடி இங்கே. "கடப்பதைக் கட்டாயம் காட்டுவோம்" என்று ஒரு முகவர் எழுதிக்கொடுத்தால், அவரிடம் மற்ற எதையும் வாங்காதீர்கள். மூன்று இரவு என்றால் இரண்டு முழுப் பகல்தான் கையில் இருக்கும். இன்னும் ஒரு இரவு சேர்க்க முடியுமானால் சேருங்கள். அல்லது கடப்பதைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். கடக்கும் துறைகளில் ஐம்பது அறுபது வண்டி முண்டியடித்து நிற்பதும் உண்டு. பையனுக்கு வண்டிகளின் முதுகுதான் தெரியும். உங்கள் கூடாரத் திண்ணையில் உட்கார்ந்து மாலை நான்கிலிருந்து ஆறு வரை எதிர்க்கரையைப் பார்த்தால் முதலை வெயில் காய்வதையும், யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்க இறங்குவதையும் தனியாகப் பார்க்கலாம். அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் ஆற்றங்கரை முகாம் கூடுதல் விலை வாங்குகிறது. ஆனால் எல்லோரும் அந்த நேரத்தில் ஜீப்பில் போய்விடுகிறார்கள். மூன்றில் ஒரு மாலையாவது போகாமல் இருங்கள்.

ஆற்றங்கரை என்றால் வெள்ளத்தையும் பார்க்கவேண்டும். மாராவில் ஒரு துளி மழை இல்லாதபோதும், மேலே மாவ் காட்டில் பெய்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஆறு ஆளுயரத்துக்கு ஏறும். 2024 மே முதல் தேதியை ஒட்டி, மாராவின் துணையாறான தாலெக் கரை உடைத்து பத்துக்கும் மேற்பட்ட முகாம்களை மூழ்கடித்தது. பயணிகளையும் ஊழியர்களையும் ஹெலிகாப்டரிலும் படகிலும் மீட்டார்கள். அது பெருமழைக் காலம். மார்ச்சிலிருந்து மே வரை அப்படித்தான், பல முகாம்கள் ஏப்ரல், மே மாதங்களில் மூடியே இருக்கும். ஆகஸ்டில் இந்தப் பயம் வெகு குறைவு. இருந்தாலும், தண்ணீர் மட்டத்திலிருந்து கூடாரம் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். செங்குத்தான உயரக் கரை என்றால் இரட்டை லாபம், நீர்யானையும் அங்கே எளிதில் ஏறாது. சரிவான கரை படத்தில் அழகாக இருக்கும், ஆனால் அதுதான் அவற்றின் சாலை.

பணம். ஆகஸ்டில் இந்த ரக முகாம்கள் தலைக்கு, இரவுக்கு அறுநூறு டாலரில் ஆரம்பித்து ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும். சாப்பாடும் வண்டிப் பயணமும் அதில் அடங்கும். அதற்கு மேல் காப்பகக் கட்டணம்: 2024இலிருந்து வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். உங்கள் விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், பாதிச் சண்டை இதில்தான் வருகிறது. ஏன் இவ்வளவு விலை என்றால், ஒரு கட்டுக் கொத்தமல்லிகூட நைரோபியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் லாரியில் வரவேண்டும், ஒரு கூடாரத்துக்கு நான்கைந்து ஊழியர் இருப்பார்கள். மாரா நார்த், நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி போன்ற தனிப் பாதுகாப்பு நிலங்களில் இருக்கும் முகாம் என்றால், நிலத்துக்குச் சொந்தக்காரர்களான மாசாய்க் குடும்பங்களுக்குக் குத்தகைப் பணமும் போகும். அங்கே வண்டிகள் குறைவு, ராத்திரி சவாரியும் உண்டு. அரசு காப்பகத்துக்குள் ராத்திரி சவாரி கிடையாது. என்னைக் கேட்டால், கல்லில் செதுக்கிய குளியல் தொட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண். வண்டியை வேறு குடும்பத்தோடு பங்கிடாமல் தனியாக எடுக்கக் கொடுக்கும் பணம் வீண் இல்லை, வயதானவரும் சிறுவனும் இருக்கும்போது நிச்சயமாக இல்லை. அம்மாவுக்கு நடுவில் இறங்கவேண்டும், பையனுக்கு ஒன்பது மணிக்கே பசிக்கும்.

அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, எனக்கு நீர்யானையை விட அதுதான் கவலை. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆகியிருக்கவேண்டும். இல்லையென்றால் இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், ஒருமுறை போட்டால் சான்று ஆயுளுக்கும் செல்லும். ஆனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு முதல்முறை போடும்போது கடுமையான பக்கவிளைவுக்கு வாய்ப்பு கூடுதல், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஆகாது. அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே அம்மாவின் மருத்துவரைப் பாருங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். மாரா உயரமான இடம், கொசு குறைவு. ஆனால் மலேரியா இல்லாத இடம் இல்லை. அவசரம் என்றால் நைரோபிக்கு விமானத்தில் கொண்டுபோகும் ஏற்பாடு, உதாரணத்துக்கு ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை, முகாம் கட்டணத்தில் அடங்குமா என்றும் கேளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். சப்பாத்தியும் சமோசாவும் கென்யர்களின் சொந்தச் சாப்பாடாகவே ஆகிவிட்டன, துவரை அங்கேயே விளைகிறது, சுத்த சைவம் என்று முன்பே எழுதினால் செய்துகொடுப்பார்கள். இட்லி மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல், ஆகஸ்ட் ராத்திரி பன்னிரண்டு பதின்மூன்று டிகிரிக்கு இறங்கும். மாவு தானாகப் பொங்காது. நான் விறகு பாய்லர் மேல் சாக்கு போட்டு மாவுப் பானையை உட்காரவைத்துத்தான் பொங்கவைத்தேன். பருப்பு வேகவும் இன்னும் இருபது நிமிஷம் கூட ஆகும், தண்ணீர் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

மற்றதெல்லாம் சில்லறை. நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போனால் தலைக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் மெத்தென்ற பையில். சக்கரப் பெட்டியை ஏற்றமாட்டார்கள். பிளாஸ்டிக் கேரி பேக் கென்யாவில் 2017இலிருந்து தடை, துணிமணியை அதில் சுற்றி எடுத்துப் போகாதீர்கள். கருநீலமும் கறுப்பும் அங்கே ஆளைக் கடிக்கும் செட்சி ஈக்குப் பிடிக்கும், அந்த நிறச் சட்டைகளை வீட்டிலேயே விடுங்கள். காலை ஆறு மணி சவாரிக்கு அம்மாவுக்குக் கம்பளிக் குல்லாவும் சால்வையும் கட்டாயம், திறந்த ஜீப்பில் கொடைக்கானல் குளிர் அடிக்கும்.

முகாமுக்கு இன்றே எழுதுவதானால், சாப்பாட்டுக் கூடத்துக்கு மிக அருகில் உள்ள கூடாரத்தைக் கேளுங்கள். கடைசிக் கூடாரத்தைத் தனிமை என்று சொல்லி விற்பார்கள். ராத்திரி முந்நூறு மீட்டர் கல்லும் வேரும் மிதித்து நடப்பது அறுபத்தேழு வயது முழங்காலுக்கு வேண்டாத வேலை. விடியற்காலை ஐந்தரைக்கு வெளியே ஒரு குரல் "ஹோடி" என்று கேட்கும். உள்ளே வரலாமா என்று அர்த்தம். "கரிபு" என்று பதில் சொன்னால்தான் ஜிப் திறக்கும், டீ உள்ளே வரும். அம்மாவுக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் டீ வெளியிலேயே ஆறிக்கொண்டிருக்கும்.